மருட்கையின் ஓசை: அருணகிரிநாதரின் வல்லோசை மரபும் டெத் மெட்டல் இசையின் கேட்பனுபவமும்

ஆய்வுச்சுருக்கம்

கேட்பவரைத் திணறச் செய்யும் ஓசையை ‘இரைச்சல்’ என்று ஒதுக்கும் போக்கு தமிழ் இசைத் திறனாய்வில் பரவலாக உள்ளது. கனடாவின் கோர்கட்ஸ் குழு 1998-இல் வெளியிட்ட ‘அப்ஸ்க்யூரா’ என்னும் பரிசோதனை டெத் மெட்டல் இசைத்தொகுப்பு தரும் கேட்பனுபவத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் மருட்கை, செய்யுளியல் கூறும் வண்ணம் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. திருவண்ணாமலையோடு பிணைந்த அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களும் அலகை வகுப்புகளும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வல்லோசையை விளக்கும் கலைச்சொற்கள் தமிழ் மரபுக்குள்ளேயே உள்ளன என்பதும், அவற்றைக் கைவிட்டதால் நம் செவிமரபின் ஒரு பகுதி விளக்கமின்றிப் போயிற்று என்பதும் கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மருட்கை, வல்லோசை, வண்ணம், சந்தம், திருப்புகழ், திருவகுப்பு, டெத் மெட்டல், கேட்பனுபவம்.

1. முன்னுரை

‘இசை’ என்னும் சொல்லுக்கு ஒலி, புகழ், பொருந்துதல் எனப் பல பொருள்கள் உண்டு. இனிமை என்பது அச்சொல்லின் இன்றியமையாப் பொருள் அன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இசைத் திறனாய்வு இசையைப் பெரும்பாலும் இன்னிசை என்றே கொண்டது. பண், இராகம், குரலினிமை, சுருதித் தூய்மை ஆகியவை அளவுகோல்களாயின. இவ்வளவுகோல்களுக்குள் அடங்காத பறையொலியும், கட்டைத்தொண்டையில் உச்சத்தில் பாடப்படும் தெருக்கூத்துப் பாட்டும், உடுக்கடிப் பாட்டும் இசை ஆய்வுக்கு உரியனவாக அல்லாமல் சடங்கு ஆய்வுக்கு உரியனவாகவே நெடுங்காலம் கருதப்பட்டன.

இதே சிக்கல் இன்று வேறொரு வடிவில் எழுகிறது. 1980-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருப்பெற்ற டெத் மெட்டல் என்னும் இசை வகை தமிழரிடையேயும் வேர் கொண்டுள்ளது. சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய ருத்ரா குழு இதற்குத் தக்க சான்று. தமிழர்கள் முன்னின்று நடத்தும் அக்குழு வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இவ்வன்மையான இசையோடு இணைத்து, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் மூன்று பகுதித் தொகுப்பை வெளியிட்டது. இந்த இசையைக் கேட்பவருக்கு என்ன நேர்கிறது என்பதைத் தமிழில் விளக்க முற்படும் ஆய்வாளர் ‘கூச்சல்’, ‘அலறல்’ என்னும் சொற்களுக்கு அப்பால் செல்லக் கலைச்சொல் இன்றி நிற்கிறார். அக்கலைச்சொற்கள் உண்மையிலேயே இல்லையா என்பதே இக்கட்டுரையின் வினா.

விடை தேடுவதற்குத் திருவண்ணாமலை பொருத்தமான இடம். அளவிட முடியாததன் முன் அறிவு தோற்பதைத் தன் தலபுராணத்தின் நடுவில் வைத்துள்ள ஊர் அது. பன்றியாய் அடியைத் தேடிய திருமாலும் அன்னமாய் முடியைத் தேடிய நான்முகனும் காணாது திரும்பிய தீப்பிழம்பே அங்கு மலையாக வணங்கப்படுகிறது. அருணகிரிநாதரின் வரலாறாக வழங்கும் மரபுச் செய்திகளும் இவ்வூர்க் கோபுரங்களையும் தூண்களையும் சுற்றியே அமைந்துள்ளன.

2. ‘அப்ஸ்க்யூரா’ தொகுப்பின் ஓசைக்கட்டு

டெத் மெட்டலின் அடிப்படைக் கூறுகள் நான்கு. தாழ்சுருதியில் கூட்டப்பட்டு, மின்வழி ஒலிச்சிதைவுக்கு உட்படுத்தப்பட்ட கிதார். நிமிடத்திற்கு 200 துடிப்புகளையும் தாண்டக்கூடிய ‘பிளாஸ்ட் பீட்’ என்னும் முரசடி. தொண்டையின் உட்பகுதியிலிருந்து உறுமலாக எழும் குரல். சாவு, உடலழிவு, போர் ஆகியவற்றைப் பாடும் பாடற்பொருள். அமெரிக்காவின் டெத் குழு 1987-இல் வெளியிட்ட ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ இவ்வகையின் தொடக்க கால நூல்போல் கருதப்படுகிறது.

ஒரு பத்தாண்டுக்குள் இவ்வகைக்கும் இலக்கணம் உறுதியாகிவிட்டது. வேகமும் கடுமையும் கேட்பவருக்குப் பழகிப்போயின. அந்நிலையில்தான் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கோர்கட்ஸ் குழு, 1993-இல் வந்த தன் முந்தைய தொகுப்புக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, ‘அப்ஸ்க்யூரா’வை வெளியிட்டது. லூக் லெமே, ஸ்டீவ் ஹர்டில் ஆகிய இருவரின் கிதாரும் குரலும் இதன் மையம். பன்னிரண்டு பாடல்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இத்தொகுப்பில் கிதார் நரம்பு மீட்டப்படுவதோடு நில்லாமல் உராயப்படுகிறது, இழுக்கப்படுகிறது, கீச்சிடச் செய்யப்படுகிறது. இரு கிதார்களும் ஒன்றுக்கொன்று இயைபில்லாச் சுரங்களைப் பற்றி நிற்கின்றன. தாளத்தின் எண்ணிக்கை அடிக்கடி மாறுகிறது. ஒரு தொடர் முடிந்தது என்று செவி கருதும் இடத்தில் அது முடிவதில்லை. ‘கிளவுடட்’ என்னும் பாடலோ வேகத்தை முற்றிலும் கைவிட்டு, ஒன்பது நிமிடங்களுக்கு மேல் கனத்து ஊர்கிறது. ஆகவே இத்தொகுப்பின் திணறடிப்பு வேகத்தால் மட்டும் விளைவதன்று. செவி எதைப் பற்றிக்கொள்ள முயன்றாலும் அது வழுகிப் போவதால் விளைவது.

3. செவி திணறுவதன் காரணங்கள்

முதற்காரணம் ஒலியியல் சார்ந்தது. அருகருகே உள்ள இரு சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டுக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும். 440, 466 அதிர்வெண்கள் கொண்ட இரு சுரங்கள் சேர்ந்தால் நொடிக்கு 26 முறை அவ்வேற்றவிறக்கம் நிகழும். அதைத் தனித்தனியாக எண்ணச் செவிக்கு இயலாது. ஒன்றாக்கி மென்மையாகக் கேட்கவும் இயலாது. இந்த இடைநிலையே கரகரப்பாக உணரப்படுகிறது. 1863-இல் வெளிவந்த தம் நூலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை விரிவாக விளக்கினார். மின்வழிச் சிதைவு ஒவ்வொரு சுரத்தோடும் கூடுதல் மேற்சுரங்களைச் சேர்ப்பதால் இத்தகைய மோதல்கள் பன்மடங்காகின்றன.

இரண்டாவது காரணம் எதிர்பார்ப்பு சார்ந்தது. இசையில் உணர்ச்சி என்பது அடுத்து வருவதை மனம் எதிர்நோக்குவதாலும், அந்நோக்கு நிறைவேறுவதாலோ தடைப்படுவதாலோ பிறக்கிறது என்பது லெனர்ட் மேயர் 1956-இல் முன்வைத்த கோட்பாடு. ஒரு தாளச் சுற்று சில முறை திரும்பினால் கேட்பவர் சமத்தை அறிந்துகொள்கிறார், தொடையில் கைபோடுகிறார். ‘அப்ஸ்க்யூரா’ அந்தக் கையை எங்கும் விழவிடுவதில்லை. எதிர்பார்ப்பு தடைப்படுவதற்கே ஓர் எதிர்பார்ப்பு உருவாகியிருக்க வேண்டும். இங்கு அது உருவாகும் முன்பே களம் மாறிவிடுகிறது.

இவ்விரு காரணங்களும் செவி தோற்பதை விளக்குகின்றன. ஆனால் தோற்ற செவி ஏன் மீண்டும் அவ்வோசையை நாடுகிறது என்பதை விளக்கவில்லை. அதற்கு மெய்ப்பாட்டியல் தேவைப்படுகிறது.

4. மருட்கையும் அச்சமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அச்சத்தின் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் ஆகியன. எதிர்நின்று மாறுபட இயலாமை இந்நான்கிற்கும் பொதுவான இயல்பு என்பதையும் அவர் அவ்விடத்தே சுட்டுகிறார். மருட்கையின் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியன. உரையாசிரியர்கள் மருட்கையை வியப்பு எனக் கொள்வர். சொல்லின் வேர் ‘மருள்’ என்பதால், அறிவு தடுமாறுதல் என்னும் பொருளும் அதனுள் அடங்கியுள்ளது. தடுமாற்றமும் வியப்பும் ஒரே சொல்லுக்குள் நிற்பது இங்குக் கருதத்தக்கது.

திணறடிக்கும் ஓசை அச்சத்திற்கும் மருட்கைக்கும் இடைப்பட்ட எல்லையில் இயங்குகிறது. எதிர்நிற்க இயலாமை இரண்டிலும் உண்டு. அச்சத்தில் உடல் விலகுகிறது. மருட்கையில் உடல் நிற்கிறது. ‘அப்ஸ்க்யூரா’வை முதன்முறை கேட்பவரில் பலர் விலகிவிடுவர். நிற்பவருக்கு மருட்கையின் நான்கு களன்களும் படிப்படியாகத் திறக்கின்றன.

புதுமை: கிதார் என்று அறிந்த கருவியிலிருந்து அறியாத ஒலி எழுகிறது. பெருமை: ஒலியின் செறிவு அறையையும் உடலையும் நிறைக்கிறது, செவியால் கேட்பது நெஞ்சுக்கூட்டாலும் கேட்கப்படுகிறது. சிறுமை: மீண்டும் மீண்டும் கேட்கையில் அப்பெருந்திரளுக்குள் நுண்ணிய அசைவுகள் புலப்படுகின்றன, குழப்பம் என்று தோன்றியது எண்ணி அடுக்கிய கட்டமைப்பு என்று தெரியவருகிறது. ஆக்கம்: அவ்வறிதலால் ஓசையே வேறொன்றாகிறது, முன்பு இரைச்சலாக இருந்த அதே நொடிகள் இப்போது இசையாகக் கேட்கின்றன. ஒலிப்பதிவு மாறவில்லை; கேட்பவர் மாறியிருக்கிறார். இந்நான்காம் நிலையே மீண்டும் நாடுதலுக்குக் காரணமாகிறது.

5. அருணகிரிநாதரின் வல்லோசை

பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் விசயநகர வேந்தன் பிரபுடதேவராயன் காலத்தவர் என்பது அவர்தம் பாடற் குறிப்பால் பெறப்படும். வாழ்வில் வெறுப்புற்று வல்லாள மகாராசன் கோபுரத்திலிருந்து வீழ்ந்த அவரை முருகன் தாங்கினான் என்பதும், மன்னன் காண முருகன் தூணில் வெளிப்பட்ட இடமே கம்பத்து இளையனார் சந்நிதி என்பதும், அவர் கிளியுருக் கொண்ட நினைவைக் கிளி கோபுரம் தாங்கி நிற்கிறது என்பதும் மரபுச் செய்திகள்.

இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாடல்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவை. அவற்றைத் தேடித் தொகுத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை, பின்னர் உரை கண்டவர் அவர் மகனார் வ.சு. செங்கல்வராய பிள்ளை. இப்பாடல்களின் உயிர் சந்தம். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் அடிப்படைச் சந்தங்கள் பல்வேறு எண்ணிக்கையில் கோக்கப்பட்டு, ஒரு கலையில் அமைந்த ஓசை அடுத்தடுத்த கலைகளில் எழுத்தளவு பிசகாமல் திரும்புகிறது. வல்லொற்று வரும் இடத்தில் வல்லொற்றே வர வேண்டும். நெடில் வரும் இடத்தில் நெடிலே வர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் ‘வண்ணத்தியல்பு’ என்னும் நூலால் இதற்கு இலக்கணம் வகுத்தார்.

இதன் வேர் இன்னும் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. மெல்லிசை வண்ணம் அவற்றுள் ஒன்றே. வல்லிசை வண்ணமும் உடன் எண்ணப்படுகிறது. ஆய்தம் பயின்று வரும் நலிபு வண்ணம், அறுபட்டு அறுபட்டு நடக்கும் அகைப்பு வண்ணம், உருண்டோடும் உருட்டு வண்ணம், அடிவரை கடந்து விரையும் முடுகு வண்ணம் ஆகியவையும் உள்ளன. வன்மையும் முறிவும் விரைவும் ஓசையின் குறைகளாக இங்குக் கருதப்படவில்லை, வகைகளாகவே வைக்கப்பட்டுள்ளன. ‘பிளாஸ்ட் பீட்’ ஓட்டத்தை முடுகு என்றும், ‘அப்ஸ்க்யூரா’வின் முறிந்த தொடர்களை அகைப்பு என்றும், சிதைந்த கிதாரின் திரளை வல்லிசை என்றும் குறிக்கலாம். இவை செய்யுளுக்கு உரிய சொற்கள். இசைக்கு விரித்துக் கொள்வது ஆகுபெயர் நிலையில்தான். ஆயினும் ஓசையை இயக்கத்தால் வகைப்படுத்தும் அவற்றின் நெறி பொருந்துகிறது.

வல்லிசையின் எல்லையைக் கந்தரந்தாதியின் 54-ஆம் பாடல் காட்டுகிறது. முழுவதும் தகர வருக்கத்தால் மட்டுமே அமைந்த அப்பாடலைக் கேட்ட மாத்திரத்தில் மொழி என்று அடையாளம் காண்பதே அரிது. முழவின் சொற்கட்டு என்றே செவி கொள்ளும். வில்லிபுத்தூராரோடு நிகழ்ந்த வாதில் இப்பாடல் பாடப்பட்டது என்றும், தோற்ற புலவரின் செவியை அறுக்கும் வழக்கமுடைய வில்லியார் இதற்குப் பொருள் கூற இயலாது தோற்றார் என்றும், அருணகிரியார் அவர் செவியை அறுக்காது மன்னித்தார் என்றும் மரபு கூறுகிறது. வரலாற்று உண்மை எவ்வாறாயினும், கதையின் உட்கிடை கூர்மையானது. பணயமாக வைக்கப்படுவது செவி, தோற்பதும் செவி, இறுதியில் அது காக்கப்பட்டு, புதிதாகக் கேட்கக் கற்றுக்கொள்கிறது.

6. அலகையும் பிணமும்

டெத் மெட்டல் மீது சுமத்தப்படும் மற்றொரு குற்றச்சாட்டு அதன் பாடற்பொருள் பற்றியது. பிணமும் குருதியும் அழுகலும் பாட்டுக்குத் தகுமா என்னும் வினாவைத் தமிழ் இலக்கியம் முன்பே சந்தித்து விடையளித்திருக்கிறது. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. திருவகுப்புகளில் பொருகளத்தலகை வகுப்பு, செருக்களத்தலகை வகுப்பு, போர்க்களத்தலகை வகுப்பு என மூன்று களத்துப் பேய்களுக்கே உரியவை. பூத வேதாள வகுப்பும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. சூரசங்காரக் களத்தில் பேய்கள் பிணம் தின்று ஆடுவதும், பறவைகள் மொய்ப்பதும், முரசும் துடியும் அதிர்வதும் அங்கு வருணனையாக மட்டும் இல்லை. சந்தமே களத்தின் அதிர்வாக ஆகிவிடுகிறது. சொல்லப்படும் பொருளும் சொல்லும் ஓசையும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

திருப்புகழின் முற்பகுதிகளில் உடலழிவு பேசப்படும் முறையும் நோக்கத்தக்கது. திருத்தணிகைப் பாடல் ஒன்று நோய்ப் பெயர்களை அடுக்கியே சந்தத்தை நிறைக்கிறது. இங்கிலாந்தின் கார்காஸ் குழு 1988-இல் வெளியிட்ட தொகுப்பு மருத்துவ நூற்சொற்களை அடுக்கிப் பிணத்தின் சிதைவைப் பாடியது. இரண்டிற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆனால் உடலின் நிலையாமையைச் சொல்ல முற்படும் ஓசை, வன்மையான கலைச்சொற் பட்டியலை நாடுவது இரண்டிலும் காணப்படும் பொதுநெறி.

7. ஓசை முன், பொருள் பின்

கேட்பின் வரிசைமுறை மற்றொரு முதன்மையான ஒற்றுமை. டெத் மெட்டல் குரலில் சொற்கள் பிரித்தறிய இயலாதவாறு கரைகின்றன. குரல்வளையில் மெய்யான குரல்நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளும் அதிர்வதால் சுரத்தின் தெளிவு குலைந்து உறுமல் எழுகிறது. எனவே கேட்பவர் முதலில் ஓசையையே பெறுகிறார். பின்னர் தொகுப்போடு வரும் பாடல் வரிகளின் தாளை எடுத்துப் படிக்கிறார். மூன்றாவதாக இரண்டையும் இணைத்துக் கேட்கிறார்.

திருப்புகழிலும் இவ்வரிசை உண்டு. சந்தத்தின் கட்டாயத்தால் சொற்கள் சந்தி பட்டு இறுகுகின்றன. சொல்லின் எல்லையும் சந்தத்தின் எல்லையும் வெவ்வேறிடங்களில் விழுகின்றன. பாடும்போது சந்தத்தின்படி பிளவுபடும் சொல், பொருள் கொள்ளும்போது மீண்டும் ஒட்டப்பட வேண்டும். இதனாலேயே பல பதிப்புகளில் சந்தப்படி அமைந்த மூலமும் பதம் பிரித்த வடிவமும் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. பாராயணம் செய்வோருள் பலர் பொருளறியும் முன்பே பாடலை உடலால் அறிந்திருப்பர். வாய்க்கும் கைத்தாளத்துக்கும் வந்த பின்னரே அது கருத்துக்கு வருகிறது. ஓசை பொருளின் ஊர்தி மட்டுமே என்னும் கொள்கை இவ்விரண்டையும் விளக்கப் போதாது. ஓசை பொருளுக்கு முந்திய ஓர் அறிதலாக இங்கு இயங்குகிறது.

8. ஒடுக்கம்

‘அப்ஸ்க்யூரா’வின் ஏழாம் பாடலின் பெயர் ‘சப்டில் பாடி’, அதாவது சூக்கும உடல். இறுதிப் பாடலின் பெயர் ‘ஸ்வீட் சைலன்ஸ்’, அதாவது இனிய மௌனம். ஒரு மணி நேர வல்லோசை மௌனத்தின் பெயரில் முடிவது தற்செயலன்று. தொகுப்பு நின்றதும் கேட்பவரின் அறையில் முன்பிருந்த அமைதியே மீண்டும் நிலவுகிறது. ஆனால் அது இப்போது கேட்கத் தொடங்குகிறது. ஓசையின் எல்லைக்குச் சென்று திரும்பிய செவிக்கு அமைதியும் ஓர் ஒலிப்பொருளாகிறது.

திருவண்ணாமலை இவ்விணைவை நன்கறியும். கார்த்திகைத் தீப நாளில், அந்திப் பொழுதில் அர்த்தநாரீசுவரர் வெளிப்படும் கணத்தில், 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை ஏற்றப்படும்போது, எழும் ‘அரோகரா’ முழக்கத்தில் தனிக்குரல் எதுவும் பிரித்தறியப்படுவதில்லை. அதே மலையடிவாரத்திற்கு 1896-இல் வந்து சேர்ந்த இரமண மகரிசி மௌனத்தையே உயர்ந்த உபதேசமாக வைத்தார். அருணகிரிநாதருக்கு முருகன் அளித்ததாக மரபு கூறும் உபதேசமும் ‘சும்மா இரு’ என்பதே. சொல்லையும் சந்தத்தையும் எல்லைவரை முடுக்கிய புலவர்க்கு அவ்வுபதேசம் வாய்த்ததாகச் சொல்லப்படுவதில் முரண் இல்லை. முழக்கமும் மௌனமும் அளவிடும் மனத்தை நிறுத்தும் இரு வழிகள்.

9. ஒப்புமையின் எல்லை

இவ்வொப்பீடு தாக்கத்தையோ நோக்கத்தின் ஒருமையையோ நிறுவுவதன்று. திருப்புகழில் களத்தின் அலகை எத்துணை ஆடினும் பாடல் ‘பெருமாளே’ என்னும் விளியில் வந்து ஒதுங்குகிறது. திணறலுக்குப் பற்றுக்கோடு முன்னரே உறுதி செய்யப்பட்டுள்ளது. ‘அப்ஸ்க்யூரா’ அத்தகைய பற்றுக்கோட்டைத் தருவதில்லை. கேட்பவரே அதைத் தேடிக்கொள்ள வேண்டும். அருணகிரியாரின் சந்தம் ஒருமுறை அமைந்தால் பிறழாது திரும்புவது. கோர்கட்ஸின் தாளம் திரும்புதலையே தவிர்க்க முயல்வது. முன்னது மிகையான ஒழுங்கால் திணறடிக்கிறது. பின்னது ஒழுங்கை மறைத்துத் திணறடிக்கிறது. மேலும், திருப்புகழ் கூடிப் பாடப்படுவது. தொகுப்பாகக் கேட்கப்படும் மெட்டல் இசை பெரும்பாலும் தனிச்செவிக்கு உரியது. இவ்வேறுபாடுகளை மறந்தால் ஒப்பீடு வெறும் வியப்புரையாகிவிடும்.

முடிவுரை

திணறடிக்கும் ஓசை செவியின் தோல்வியில் தொடங்குகிறது. அத்தோல்வி அச்சமாக முடியாமல் மருட்கையாக மாறும்போது கேட்பவர் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு களன்களையும் கடந்து, மாறிய செவியோடு வெளிவருகிறார். இதனை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் வண்ண இலக்கணமும் போதிய கருவிகளைத் தருகின்றன. அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களும் அலகை வகுப்புகளும் வல்லோசை தமிழுக்கு அயலானதன்று என்பதற்குச் சான்றாகின்றன.

மருட்கை, வல்லிசை, அகைப்பு, முடுகு ஆகிய சொற்களை இசைத் திறனாய்வு மீண்டும் கையாளத் தொடங்கினால், அதன் பயன் அயல்நாட்டு மெட்டல் இசையை விளக்குவதோடு நில்லாது. இனிமையின் அளவுகோலால் இசைக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட பறையும் உடுக்கையும் கூத்துக் குரலும் தமக்குரிய இலக்கணத்தோடு ஆராயப்பட இடம் பிறக்கும். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இவ்வன்மையான இசையைப் படைக்கும் தமிழ் இளைஞரின் படைப்புகளும் தம் மொழியிலேயே மதிப்பீடு பெறும்.